நினைவு தொடங்கும் இடம்

தமிழில் 'சரித்திர நாவல்' என்றால் என்ன என்பது பற்றி யாருக்கும் சந்தேகம் கிடையாது. குதிரை வரவேண்டும், சுரங்கப் பாதை வரவேண்டும், சோழனோ பல்லவனோ வரவேண்டும். 1950லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த 'பொன்னியின் செல்வ'னின் வந்தியத்தேவன், ராஜ்யத்தை இழந்த வாணர் குலத்தில் பிறந்தவன். அந்த இழப்பு அவன் முதுகில் ஒரு பஞ்சு மூட்டையாகக்கூடக் கனப்பதில்லை. அவனுக்கு நேற்று என்று ஒன்று இல்லை. அடுத்த வாரம் மட்டும்தான் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த எழுத்தின் காரியம் வேறு. ஆனால் கடந்த காலத்தை மேடைத் திரையாகத் தொங்கவிட்ட நாவலையும், கடந்த காலத்தைத் தன்னுள் சுமக்கிற மனிதனைப் பற்றிய நாவலையும் ஒரே பெயர்ப்பலகையின் கீழ்த் தேடியதில், இரண்டாவது வகை நம்மிடம் இருப்பதே பலர் கண்ணில் படாமல் போயிற்று.

அப்படிக் கண்ணில் படாமல் வெகுநாள் கிடந்தது ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972). கண்ணில் பட்டும் அதன் சரித்திரம் கவனிக்கப்படாமல் போனது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977). இரண்டுமே நாற்பதுகளைப் பற்றியவை. இரண்டிலும் தமிழ்நாட்டுக்கு வெளியே, தன் விருப்பத்துக்குக் காத்திராத ஒரு சரித்திரத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு இளைஞன் இருக்கிறான். இரண்டையும் எழுதியவர்கள் அந்த இடத்தில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள். இவ்வளவு பொதுவாக இருந்தும், நினைவு என்ற ஒன்று இந்த இரு நாவல்களிலும் நேர் எதிரான திசைகளில் வேலை செய்கிறது. முதலாவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதில் தங்க உத்தேசம். காரணம், இரண்டாவதில் இலக்கியத்துக்கு வெளியிலும் ஒரு கணக்கு தீராமல் நிற்கிறது.

சிங்காரம் 1920ல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938ல் சுமத்ராவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். அங்கே யுத்தத்தையும் ஜப்பானியர் ஆட்சியையும் பார்த்தார், மனைவியையும் குழந்தையையும் இழந்தார், 1946ல் திரும்பினார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் மதுரையில் ஒரு தினசரியில் வேலை. 1997ல் காலமானார். எழுதியவை இரண்டே நாவல்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் எழுதி முடித்த இரண்டாவது நாவலை அச்சில் பார்க்கப் பத்து வருஷம் காத்திருந்தார். மூன்றாவது எழுதவில்லை. இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை என்பதே அவரைப் பற்றிய ஒரு முக்கியமான செய்தி என்று எனக்குப் படுகிறது.

அவருடைய பாண்டியன் ஊரை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டுதான் கடல் கடக்கிறான். சின்னமங்கலத்து வாரச்சந்தை, மதுரைத் தெருக்கள், மனிதர்களின் பட்டப்பெயர்கள், தின்பண்டங்கள், வசைகள் எல்லாம் மேடானிலும் பினாங்கிலும் அவன் தலைக்குள் ஓயாமல் இரைகின்றன. வட்டிக்கடை உலகத்தில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படி உண்டு. அந்தப் படியில் நிற்பவர்களுக்கெல்லாம் ஊர் ஒரு தவணை. மூன்று வருஷம் முடிந்தால் கப்பலேறிப் போய்ப் பார்க்கக்கூடியது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் மேடானுக்குள் நுழைந்ததும் அந்தத் தவணை அறுந்துவிடுகிறது. போகமுடியாத ஊர் அப்போதுதான் நினைவாக மாறுகிறது. பாண்டியன் அந்த நினைவைக் கொஞ்சுவதில்லை. அதோடு சண்டை போடுகிறான். தமிழின் பழம்பெருமை பேசுபவர்களை அவன் கிழிக்கிற கிழியில் இருப்பது வெறும் நையாண்டி இல்லை. தன்னுள் இருப்பதைத் தானே பிடுங்கி எறியப் பார்க்கிறவனின் ஆத்திரம். ஆனாலும் முடிவில், நேதாஜியின் படை, இந்தோனேஷிய விடுதலைப் போர் எல்லாம் தாண்டி, ஊருக்குத் திரும்பலாம் என்று அவன் மனம் திரும்புகிற நேரத்தில்தான் டச்சுக்காரர்களின் குண்டு வருகிறது. நினைவு அவனை உருவாக்கியது, அலைக்கழித்தது, கடைசியில் திரும்பிப் பார்க்க வைத்துக் கொன்றது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அப்படிச் சொல்வது கொஞ்சம் அழகாகிவிடுகிறது. சிங்காரம் அவ்வளவு அழகு படுத்துகிறவர் அல்ல.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. பாண்டியனுக்கு நினைவு முன்னால் வருகிறது, சரித்திரம் பின்னால் வருகிறது. நாவல் தொடங்கும்போதே அவன் முழுக்க நிரம்பியிருக்கிறான். யுத்தம் அவனுக்குப் புதிதாக எதையும் கொடுப்பதைவிட, அவனிடம் ஏற்கனவே இருப்பதைக் குலுக்கிக் கொட்டுகிறது.

சந்திரசேகரனின் நிலை இதற்கு நேர் தலைகீழ்.

'18வது அட்சக்கோ'ட்டின் பையனுக்கு விட்டு வந்த ஊர் என்று ஒன்று கிடையாது. தமிழ்நாடு பெரியவர்களின் ஊர். அவனுடைய ஊர் சிகந்தராபாத். இந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பிரிட்டிஷாரின் படை வீடாக 1806ல் உருவாகி, அப்போதைய நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை வாங்கிக்கொண்ட ஊர். ராஜ்யம் நிஜாமுடையது, பாரக்ஸ்கள் வெள்ளைக்காரனுடையவை. மதராஸ் படைகளோடு வந்த தமிழர்கள், அவர்களுக்குச் சாமான் விற்க வந்தவர்கள், பிறகு ரயில்வேக்கு வந்தவர்கள் என்று நூறு வருஷத்துக்கு மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே தங்கிவிட்டன. 1870களில் தொடங்கிய நிஜாம் ரயில்வே 1930ல் ராஜ்யத்தின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. அதில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனாருக்குப் பிறந்தவன் சந்திரசேகரன், அசோகமித்திரனும் அப்படித்தான். குதிரைப்படையின் பெயரைத் தாங்கிய லான்ஸர் பாரக்ஸில் ரயில்வே சிப்பந்திகளின் குடும்பங்கள். முஸ்லிம், ஆங்கிலோ இந்தியர், தெலுங்கர், தமிழர். வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை, காலேஜில் ஒரு பாஷை. ஒரு பையனுக்கு இதெல்லாம் விசித்திரமாகத் தோன்றக் காரணம் ஏதுமில்லை. உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவன் கிரிக்கெட் விளையாடுகிறான், வீட்டு மாட்டைத் தேடிப் போகிறான், சைக்கிளில் சுற்றுகிறான்.

நாவலின் பெரும்பகுதி இப்படித்தான் நகர்கிறது. நினைவு கூரல் என்ற பாவனையே கிடையாது. 'அந்த நாட்களில்' என்று பெருமூச்சு விடுகிற எழுத்து தமிழில் ஏராளம். அறுபது வயதில் உட்கார்ந்துகொண்டு பதினாறு வயதுக்குச் சர்க்கரை தூவுவது ஒரு கைத்தொழிலாகவே இங்கே வளர்ந்திருக்கிறது. இந்த நாவலில் அந்தச் சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை. பையனுக்கு என்ன தெரியுமோ அதுதான் எழுதப்படுகிறது. நாளை என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்த எழுத்தாளர் அதைச் சொல்லாமல் இருபத்தொன்பது வருஷம் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்.

நாளை என்ன ஆயிற்று என்பது சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது, அல்லது இருப்பதாக நாம் நினைக்கிறோம். 1947 ஆகஸ்டில் பிரிட்டிஷார் போனபோது, சுமார் 1 கோடியே 60 லட்சம் ஜனங்களும் அவர்களில் எண்பது சதத்துக்கும் மேல் இந்துக்களும் கொண்ட ஹைதராபாத் ராஜ்யத்தின் நிஜாம் உஸ்மான் அலிகான், இரண்டு டொமினியன்களில் எதிலும் சேரவில்லை. நவம்பர் 29ல் இந்தியாவோடு ஒரு வருஷத்துக்கு 'உள்ளது உள்ளபடி' ஒப்பந்தம். அந்த வருஷம் முழுக்கக் காஸிம் ரஜ்வியின் ரஜாக்கர்கள் ராஜ்யத்தின் கிராமங்களில் அட்டகாசம் செய்தார்கள். பைரான்பள்ளி போன்ற ஊர்களின் பெயர்கள் இன்றும் தெலங்கானாவில் அந்தக் கொலைகளுக்காகவே நினைவுகூரப்படுகின்றன. ரஜாக்கர்களைக் கண்டித்து எழுதிய ஷோயபுல்லா கான் என்ற முஸ்லிம் பத்திரிகை ஆசிரியர் 1948 ஆகஸ்டில் நடுத்தெருவில் கொல்லப்பட்டார். எல்லையில் இந்தியாவின் பொருளாதார முற்றுகை. உள்ளிருந்து வெளியே ஓடும் இந்துக்கள். வெளியிலிருந்து உள்ளே வந்து குவியும் முஸ்லிம் அகதிகள். இன்னொரு பக்கம் தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம். 1948 செப்டம்பர் 13ல் இந்திய ராணுவம் பல முனைகளிலிருந்து நுழைந்தது. 17ம் தேதி நிஜாம் பணிந்தார். டாங்கிகளும் விமானங்களும் பங்கெடுத்த இந்த யுத்தத்துக்கு 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் வைக்கப்பட்டது. பெயர் வைப்பதில் அரசாங்கங்களுக்கு இருக்கும் திறமை நம் எழுத்தாளர்கள் பலருக்கு இல்லை.

பள்ளிக்கூடச் சரித்திரம் இங்கே முடிகிறது. ஐந்து நாளில் வெற்றி, படேலின் உறுதி, நிஜாம் விமான நிலையத்துக்கு வந்து கைகூப்பி நிற்கும் புகைப்படம்.

அதற்குப் பிறகு நடந்தவை அந்தப் பாடத்தில் இல்லை. ரஜாக்கர்கள் ஓடியதும் பழி வாங்கும் முறை மாறிற்று. உஸ்மானாபாத், குல்பர்கா, பீதர், நாந்தேட் மாவட்டங்களில் மிக மோசம். வதந்திகள் டெல்லிக்கு எட்டியபின் நேரு அரசு பண்டித சுந்தர்லால், காஜி அப்துல் கபார் ஆகியோரைக் கொண்ட ஒரு நல்லெண்ணக் குழுவை அனுப்பிற்று. 1948 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் அவர்கள் ராஜ்யத்தின் 16 மாவட்டங்களில் ஒன்பதைச் சுற்றி வந்தார்கள். போலீஸ் நடவடிக்கையின்போதும் அதன் பிறகும் இறந்தவர்கள் குறைந்தபட்சம் 27,000லிருந்து 40,000 வரை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். அறிக்கை வெளியிடப்படவில்லை. விஷயம் யாருக்கும் தெரியாது என்பதல்ல. 1950லேயே வில்ஃப்ரெட் கான்ட்வெல் ஸ்மித் என்ற கனடா நாட்டு அறிஞர் ஹைதராபாத் முஸ்லிம்களுக்கு நேர்ந்ததைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் அறிக்கை டெல்லியில் நேரு நினைவு நூலகத்தில் ஆராய்ச்சியாளர்கள் பார்க்கக் கிடைக்கிறது என்ற செய்தி பரவலாக வெளிவந்தது 2013ல். அறுபத்தைந்து வருஷங்கள்.

'18வது அட்சக்கோடு' 1977ல் வெளிவந்தது. அதாவது அரசாங்கத்தின் கோப்பு மூடிக் கிடந்த காலத்தின் நட்ட நடுவில், தமிழில், சில நூறு பேர் படிக்கும் ஒரு நாவலின் கடைசிப் பக்கங்களில், வெற்றி பெற்ற பக்கத்தைச் சேர்ந்த ஒரு பையன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் நிற்கிறான்.

அந்தக் காட்சியை இந்த வட்டத்தில் படிக்காதவர் இருக்கமாட்டார். கலவரத்துக்கு நடுவே ஓடுகிற சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். உள்ளே ஒரு குடும்பம் பயத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. அவனைக் கொல்ல வந்தவன் என்று நினைத்து, அவன் வயதேயான ஒரு பெண் முன்னால் வந்து, மற்றவர்களை விட்டுவிடச் சொல்லித் தன் ஆடையைக் களைகிறாள். அவன் ஓடிவிடுகிறான். நாவல் முடிகிறது.

முடிகிற இடம் இதுவாக இருப்பதுதான் என் முழு விஷயமும்.

கதை சொல்வதில் தேர்ந்த இன்னொருவர் இந்தக் காட்சியில் தொடங்கியிருப்பார். பிராயம் முதிர்ந்த சந்திரசேகரனை மதராஸில் ஒரு வீட்டில் உட்காரவைத்து, ஏதோ ஒரு வாசனையோ சத்தமோ அந்த இருட்டு அறையைக் கிளப்பிவிட, அங்கிருந்து பின்னோக்கிப் போயிருப்பார். மேல்நாட்டு நாவல்களில் இருந்து நாம் கற்றுக்கொண்ட நினைவின் இலக்கணம் அது. தேநீரில் நனைத்த கேக்கின் ருசியில் ஒரு முழு ஊர் எழுந்து வருவதை ப்ரூஸ்ட் செய்து காட்டிய பிறகு, எல்லோர் கோப்பையிலும் ஏதாவது எழுந்து வந்துகொண்டிருக்கிறது. அசோகமித்திரன் அந்தப் பக்கமே போகவில்லை. நினைவு எங்கே தொடங்கவேண்டுமோ அங்கே அவர் எழுத்தை நிறுத்திவிடுகிறார். அந்தக் கணம் வரை சந்திரசேகரனுக்கு நடந்தவை எல்லாம் சம்பவங்கள். அந்தக் கணத்திலிருந்துதான் அவனுக்குக் கடந்த காலம் என்று ஒன்று உண்டாகிறது. அதற்குப் பின் அவன் என்னவாக ஆனான் என்பதற்கு நாவலில் ஒரு வரி இல்லை. ஆனால் அதற்கு முன்னால் வருகிற ஒவ்வொரு பக்கமும், அப்படி ஆகிவிட்ட ஒருவனால்தான் சொல்லப்படுகிறது.

இதைப் புத்தகத்தை இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் உணர முடிகிறது. முதல் வாசிப்பில் வெறும் விளையாட்டுச் சமாசாரமாக இருந்த கிரிக்கெட், யார் யாரை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், யார் வெயிலில் வெறுமனே நிற்கிறார்கள் என்ற கணக்காக மாறிவிடுகிறது. அடுத்த வீட்டு முஸ்லிம் குடும்பத்தோடு வரும் சின்னப் பூசல்கள், முதலில் ரேழிச் சண்டையாகத்தான் தெரிகின்றன. காலேஜ் பகிஷ்காரத்தில் பாதி மனதோடு போய் நிற்கிற சந்திரசேகரன், ஒரு கொள்கைக்காக நிற்கிறானா, சிநேகிதர்கள் முன் மானம் போய்விடக்கூடாது என்று நிற்கிறானா என்பது அவனுக்கே தெரியவில்லை. காந்தி சுடப்பட்ட செய்தி வரும் நாளில் அவன் படுகிற பாடு, ஒரு தலைவரின் சாவுக்கு மேற்பட்ட ஏதோ ஒன்றாக இருக்கிறது. எதையும் ஆசிரியர் அடிக்கோடிடுவதில்லை. ஆனால் இந்த விவரங்கள்தான் ஏன் நின்றன, வேறு ஆயிரம் விவரங்கள் ஏன் உதிர்ந்தன என்று கேட்டால், பதில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு குற்ற உணர்ச்சிதான் சல்லடை பிடித்திருக்கிறது.

இன்னொன்று. இந்த நாவல் சில இடங்களில் 'நான்' என்றும் சில இடங்களில் 'அவன்', 'சந்திரசேகரன்' என்றும் மாறி மாறிச் சொல்லப்படுகிறது. இதை ஒரு உத்தி என்று பாராட்டியவர்களும் உண்டு, கவனக்குறைவு என்று முகம் சுளித்தவர்களும் உண்டு. எந்த இடத்தில் எது என்பதற்கு விதி கண்டுபிடிக்க நானும் ஒரு தடவை பென்சிலோடு உட்கார்ந்து பார்த்துத் தோற்றேன். இப்போது எனக்குத் தோன்றுவது: பழைய நம்மை நினைக்கும்போது நாம் எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறோம். ஒரு நிமிஷம் அது நான். மறு நிமிஷம் அது யாரோ ஒரு பையன், தெருக்கோடியில் சைக்கிளோடு நிற்கிறான், அவனுக்கு நான் பொறுப்பல்ல. 1948ல் அந்த வீட்டுக்குள் நுழைந்தவனை 'நான்' என்று சொல்வதற்கும் 'அவன்' என்று சொல்வதற்கும் இடையில் உள்ள தூரம் இலக்கணத்தில் வரும் தன்மை, படர்க்கை விவகாரம் இல்லை. பொறுப்பை ஏற்பதா, தள்ளுவதா என்கிற கேள்வி. நாவல் அதைத் தீர்க்காமல் கடைசிவரை ஊசலாட விட்டிருப்பது நேர்மை.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சிகந்தராபாத் பதினேழரை டிகிரியை ஒட்டிய ஊர். பதினெட்டாவது கோடு ஊருக்குக் கொஞ்சம் வடக்கே போகிறது. 1945க்குப் பிறகு அட்சக்கோடு என்ற சொல்லைக் கேட்டாலே கொரியாவின் 38ம், 1954க்குப் பிறகு வியட்நாமின் 17ம் ஞாபகம் வரும்: ஜனங்களை இரண்டாக அறுத்துப் போட்ட கோடுகள். 18ல் யாரும் கோடு போடவில்லை. வேலி இல்லை, காவல் இல்லை. ஆனாலும் அது அந்தப் பாரக்ஸின் வீடுகளுக்கு நடுவே ஓடிற்று. தலைப்புக்கு ஆசிரியர் நினைத்தது இதுதானா என்பது எனக்கு முக்கியமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, ஒரு சங்கடத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அரசாங்கம் மறைத்ததை நாவல் சொல்லிற்று என்று முழங்கி முடித்துக்கொள்வது சுலபம். அண்மைக் காலத்தில் அப்படிப்பட்ட முழக்கங்கள் நிறையக் கேட்கின்றன. இலக்கியம் ஏதோ மாற்று ஆவணக் காப்பகம் என்பது போல. இந்த நாவல் அந்த 27,000 பேரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குல்பர்கா அதில் இல்லை, உஸ்மானாபாத் இல்லை. ரஜாக்கர்களின் காலத்தில் தன் வீட்டுக்குள் பயந்து உட்கார்ந்திருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் பயம் அதில் இருக்கிறது. அந்தப் பயம் உண்மையானது, காரணம் உள்ளது. சுந்தர்லால் குழுவின் அறிக்கையை ஒரு கையிலும் இந்த நாவலை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒன்றை மற்றதற்குச் சாட்சி சொல்ல அழைத்தால் இரண்டுமே கெட்டுவிடும். அறிக்கையில் எண்கள் இருக்கின்றன, சந்திரசேகரன் இல்லை. தானாக எந்தத் தீங்கும் செய்யாத, ஆனால் வென்ற பக்கத்தில் பிறந்துவிட்ட காரணத்தால் ஒரு வீட்டின் வாசலில் எமனாகிவிடுகிற ஒரு சாதாரணப் பையனை எந்தக் குழுவும் விசாரித்திருக்க முடியாது. அவன் எந்தக் குற்றப் பட்டியலிலும் வரமாட்டான். அவனுக்கு நேர்ந்தது என்ன என்று சொல்ல நாவலைத் தவிர வேறு இடம் கிடையாது.

ஆனால் அது அவனுக்கு நேர்ந்தது. இங்கேதான் என் சங்கடம். அந்தப் பெண்ணுக்கு நாவலில் பெயர் இல்லை. அவள் சில வரிகளில் வந்து, ஒரு பையனின் பிரக்ஞையை என்றைக்குமாக மாற்றிவிட்டு மறைகிறாள். தமிழில் இந்தக் காட்சியைப் பற்றி எழுதியவர்கள், நானும் சேர்த்துத்தான், அவனுடைய அதிர்ச்சியை, அவனுடைய கூச்சத்தை, அவனுடைய வயதுக்கு வருதலைப் பேசினோம். அவளுடைய அன்றிரவைப் பற்றிப் பேசவில்லை. அவன் ஓடிய பிறகு வேறு யார் அந்த வீட்டுக்குள் வந்தார்கள்? வந்தவர்களும் ஓடினார்களா? நாவல் இந்தக் கேள்வியைத் தவிர்க்கிறது என்று குற்றம் சாட்டுவது நியாயமல்ல. பையனோடு அது வெளியே ஓடிவிட்டது. உள்ளே தங்கியிருந்தால் பொய்யாகியிருக்கும். எழுத்தாளர் தமக்குத் தெரியாததை எழுத மறுத்திருக்கிறார். அந்த மறுப்பை மதிக்கிறேன். இருந்தாலும், ஒருவனுடைய நினைவு உருவாக இன்னொருத்தி நிர்வாணமாக நிற்க வேண்டியிருந்தது என்பதை, உருவம் பற்றிய நம்முடைய சிலாகிப்புகளுக்கு நடுவே விழுங்கிவிட முடியவில்லை.

சிங்காரத்தின் பாண்டியனிடம் திரும்பிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் துலங்குகிறது. அவனுடைய நினைவில் பெண்களும் தெருக்களும் சந்தையும் வருகின்றன. எல்லாம் அவனுக்குச் சொந்தம். திட்டுவதற்கும் ஏங்குவதற்கும் அவனுக்கு உரிமை உண்டு. ஊர் அவனை வளர்த்தது, அவன் ஊரைச் சபிக்கிறான், கணக்கு ஈடாகிவிடும். சந்திரசேகரன் கையில் மிஞ்சிய நினைவு அவனுக்குச் சொந்தமானது அல்ல. அதன் பாதி அந்த வீட்டில் இருக்கிறது. அவன் கேட்டு வாங்க முடியாத பாதி. ஒரு கதாபாத்திரத்தைக் கடந்த காலம் உருவாக்குகிறது என்று விமர்சனக் கட்டுரைகளில் சர்வசாதாரணமாக எழுதுகிறோம், குயவன் களிமண்ணைப் பிசைவது போல. இங்கே அந்தக் கடந்த காலம் இன்னொருவர் வீட்டில் அடகு கிடக்கிறது.

1948 செப்டம்பர் 22ல் அசோகமித்திரனுக்கு 17 வயது முடிந்தது. நிஜாம் பணிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. தகப்பனார் இறந்தபின் 1952ல் மதராஸுக்கு வந்தவர், ஒரு சினிமாக் கம்பெனியில் 1966 வரை வேலை பார்த்தார். 2017ல் சென்னையில் காலமானார். இடையில் லான்ஸர் பாரக்ஸை அவர் சிறுகதைகளில் திரும்பத் திரும்ப எழுதினார். அந்த மாடுகள், அந்தச் சைக்கிள், அந்த வெயில் எல்லாம் மறுபடி மறுபடி வரும். அவற்றைப் படிப்பவர்கள் ஊர்ப்பாசம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வீட்டில் ஒடுங்கியிருந்தவளைப் போன்ற ஒருத்தி நிஜத்தில் இருந்து, அதற்கப்பால் உயிரோடும் இருந்திருந்தால், இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பாள். ஹைதராபாத்தின் ஏதோ ஒரு சந்திலோ, கராச்சியிலோ. பேரப் பெண்களிடம் அந்த இரவைப் பற்றி அவள் எப்போதாவது சொல்லியிருந்தால் தக்கனி உருதுவில் சொல்லியிருப்பாள். உள்ளே நுழைந்த பையன் எதுவும் செய்யாமல் திரும்பி ஓடினான் என்பதை அவள் சொல்லியிருப்பாளா, அல்லது அவள் கதையில் அவன் வந்தது மட்டும்தான் இருந்ததா?